2010 சிட்டி ஆட்டோமேட்டிக், கியர்பாக்ஸ் கேஸில் விரிசல்: இந்த அம்பத்தூர் வெல்டிங் பட்டறைக்கு நான்கு ஸ்டார்

வண்டி 2010 ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். கியர் ஆயில் மாற்றக் கொடுத்த இடத்தில் (பெயர் வேண்டாம், விடுங்கள்) டிரெயின் பிளக்கை (எண்ணெயை வடிக்கும் அடித் திருகு) பலம் கொண்ட மட்டும் முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். அதற்கு ஹோண்டா சொல்லும் முறுக்கு அளவு (டார்க்) 49 நியூட்டன் மீட்டர்தான். பிளக் இரும்பு, கேஸ், அதாவது கியர்பாக்ஸின் வெளிக்கூடு, அலுமினியம், யார் தோற்பார் என்று சொல்லவே வேண்டாம். மரை போனதோடு நிற்காமல் பக்கத்தில் மெல்லிசாக விரிசலும் விட்டு, பார்க்கிங்கில் சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

கேட்ட இடத்திலெல்லாம் இரண்டே பதில்தான். எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம், இல்லையென்றால் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் பெட்டி வாங்கி மாட்டலாம். கொதிக்கிற எண்ணெயில் எம்-சீல் எத்தனை நாள் தாங்கும்? பழைய பெட்டி என்றால் எந்த வண்டியில் கழற்றியது, உள்ளே கிளட்ச் பிளேட் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. என் பெட்டியோ வழுக்கல், உதறல் எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

இந்தப் பட்டறையில் எனக்குப் பிடித்ததே, வண்டியில் வைத்தபடி பற்றவைக்க மாட்டோம் என்று எடுத்ததும் சொன்னதுதான். வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் பேரிங் காலி, சூட்டில் சீல் எல்லாம் கருகிவிடும், அதனால் பெட்டியை இறக்கிப் பிரித்து வெறும் கூடாகக் கொண்டுவாருங்கள் என்றார் அண்ணன். பிரிப்பதும் பூட்டுவதும் தெரிந்த கியர்பாக்ஸ் மெக்கானிக் நாமே பிடிக்க வேண்டும், இவர்கள் வேலை கேஸோடு சரி.

முதலில் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் விரிசல் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வந்தது பாருங்கள், கண்ணுக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே நீளம். கோடு முடிகிற இடத்தில், மேற்கொண்டு ஓடாமல் இருக்க, சின்னதாக ஒரு துளை. அப்புறம் விரிசலை வி வடிவத்தில் கிரைண்ட் செய்து, கழுவி, சூடு காட்டி, மறுபடி கழுவி... உண்மையில் வெல்டிங்கைவிட இதற்குத்தான் நேரம் போனது. இத்தனை வருஷம் எண்ணெயில் ஊறிய அலுமினியம், ஆர்கான் வெல்டிங் தொட்டதுமே கருப்பாகப் பொங்கியது. சரி என்று மேலே பூசி மறைக்காமல், அதைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம். கடைசியில் மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டு, மூடி உட்காரும் முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர்ப்பட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்கள்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், முதலில் சொன்ன தொகை ஒன்று, கடைசியில் வாங்கியது வேறு. வேலை கூடிவிட்டது என்பது நியாயம்தான், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், ஆனால் நடுவில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. போன் எடுப்பதே இல்லை, நேரில் போய்த்தான் நிற்க வேண்டும்.

பூட்டும்போது மெக்கானிக்கிடம் பிளக்குக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள், பழையதையே திருப்பிப் போடுவது இங்கே வழக்கம். எண்ணெய் ஹோண்டாவின் டிடபிள்யூ-1 ஊற்றினேன், பழைய இசட்-1க்குப் பதிலாக வந்தது அதுதான். அளவு பார்க்க வண்டியைச் சூடேற்றி, இன்ஜினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் கியர் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். இப்போது மழை, வெயில் இரண்டும் பார்த்தாகிவிட்டது, கீழே அட்டை விரித்துப் பார்த்தாலும் ஒரு சொட்டு இல்லை.

பேரிங் உட்காரும் இடத்திலோ வால்வு பாடி (கியர் மாற எண்ணெயைத் திருப்பிவிடும் பகுதி) பக்கமோ உடைந்திருந்தால் இங்கே வாங்கவே மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்போது புதுப்பேட்டைதான்.