பெரிய டிவிக்கு நீட்டி மடக்கும் வால் மவுன்ட்: சில வருட அனுபவம்

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் ஃபிளாட். ஹாலில் 65 இஞ்ச் டிவி, இரும்புக் கையை நீட்டி மடக்கும் வகை வால் மவுன்ட்டில் (டிவியைச் சுவரில் தாங்கும் இரும்புச் சட்டம்) சில வருடங்களாக இருக்கிறது. மாட்டும்போது மட்டுமல்ல, மாட்டிய பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

வால் மவுன்ட்டில் மூன்று வகை உண்டு. சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்பது, கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்வது, கை நீட்டி இடம் வலம் திரும்புவது. சோபா டிவிக்கு நேர் எதிரே இருந்தால் முதல் இரண்டில் ஒன்றே போதும். விலையும் குறைவு, சுவருக்கும் பாரம் குறைவு. எங்கள் ஹால் எல் வடிவம். சாப்பாட்டு மேஜை பக்கவாட்டில் இருக்கிறது. அம்மா சாயங்கால சீரியலை அங்கே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டேதான் பார்ப்பார். "இங்கேருந்து பார்த்தா எல்லார் முகமும் வெளுத்துப்போய் இருக்குடா" என்று டிவி வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. எங்கள் டிவியில் இருப்பது விஏ பேனல், எல்சிடி திரையில் ஒரு வகை. நேரே பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் போகப் போக நிறம் மங்கும். திரும்பும் மவுன்ட்தான் வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அடுத்தது சுவர். மவுன்ட் விஷயத்தில் பாதிக்கு மேல் இதுதான். எங்கள் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது நான்கு இஞ்ச் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி அடைத்த லேசான சிமென்ட் கல்) சுவர். புது அபார்ட்மென்ட்டுகளில் இப்போது பெரும்பாலும் இதுதான். எடை குறைவு, வெப்பத்தை அதிகம் கடத்தாது, ஆனால் உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. ஆணி எளிதாக இறங்கும், அதே வேகத்தில் வெளியேயும் வரும். கடையிலிருந்து மாட்ட வந்த பையன் ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் செருகும் வழக்கமான பிளாஸ்டிக் பிளக்கை எடுத்தார். "எல்லா வீட்டிலும் இதுதான் சார் போடுறோம், ஒண்ணும் ஆகாது" என்றார். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். காரணம் ஒரு சின்னக் கணக்கு.

டிவியின் எடை 22 கிலோ. சுவரோடு ஒட்டி மாட்டினால் அதன் பாரம் சுவரிலிருந்து 6, 7 சென்டிமீட்டரில் இருக்கும். மவுன்ட் தகட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 7 கிலோ. அதே டிவியை 45 சென்டிமீட்டர் முன்னால் நீட்டினால் அந்த இழுவை 50 கிலோ ஆகிறது. டிவி எடை கூடவே இல்லை, தூரம் மட்டும்தான் கூடியது. கையின் எடையும், திருப்பும்போது நாம் பிடித்து இழுப்பதும் இதற்கு மேல். மவுன்ட் பெட்டியில் '50 கிலோ வரை தாங்கும்' என்று போட்டிருப்பது இரும்பைப் பற்றி. சுவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அதனால் சுவரை ஊடுருவி மாட்டினோம். தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் நான்கு துளைகளை மறுபக்கம் வரை போட்டார். ஏஏசியில் டிரில்லிங் மிஷினின் ஹாமரை (இடித்துத் துளைக்கும் இயக்கம்) அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் துளை வாயகன்று போகும். பிட்டை அவர் அழுத்தவே இல்லை, தானாக இறங்கியது. முதலில் சிமென்ட் பூச்சின் சாம்பல் தூள், அப்புறம் மாவு மாதிரி வெள்ளைத் தூள், மறுபடி சாம்பல். தூளின் நிறம் மாறுவதைப் பார்த்தே பூச்சு எவ்வளவு, கல் எவ்வளவு என்று சொன்னார். துளைகளில் 10 எம்.எம். திரெட் ராடு (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி), படுக்கையறைப் பக்கம் வெல்டிங் பட்டறையில் வெட்டி வாங்கிய இரும்புப் பட்டை, வாஷர், நட்டு. பட்டை எதற்கு என்றால், வெறும் நட்டை முறுக்கினால் அது பூச்சை உடைத்துக்கொண்டு கல்லுக்குள் புதையும். பட்டை இருந்தால் பாரம் பரவிவிடும். அந்த இடத்தை பீரோ மறைத்துக்கொண்டது. ஊடுருவ முடியாத சுவராக இருந்தால் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி ராடை ஒட்டவைப்பது) போடலாம். செங்கல் சுவரில் நல்ல நீள பிளக் போதும், ஆனால் துளை கல்லில் விழ வேண்டும், சந்தில் விழக்கூடாது. கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட், கவலையே இல்லை.

துளை போடுவதற்கு முன் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் இருக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். பாத்ரூம் சுவராக இருந்தால் தண்ணீர் பைப்பும் இருக்கும்.

டிவிக்கும் மவுன்ட்டுக்கும் பொருத்தம் பார்ப்பது எளிது. பின்னால் இருக்கும் நான்கு துளைகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்தால் 300க்கு 300, 400க்கு 300, 400க்கு 400 என்று ஏதாவது வரும். வெசா அளவு என்பது அதுதான். ஸ்க்ரூ எம்6 அல்லது எம்8, அதாவது 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன். நீளம் முக்கியம். அதிகமானால் உள்ளே போய் பேனலைக் குத்தும். டிவி முதுகு மேடு பள்ளமாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் வேண்டும்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று திரும்பும் கோணம். பெட்டியில் '90 டிகிரி' என்று இருக்கும். 65 இஞ்ச் டிவியின் அகலம் 145 சென்டிமீட்டர், நடுவிலிருந்து ஓரம் வரை 72. கை 45 சென்டிமீட்டர்தான் நீளும் என்றால், 38 டிகிரி திரும்புவதற்குள் டிவியின் ஓரம் சுவரில் முட்டிவிடும். முழுசாகத் திருப்ப வேண்டுமானால் கை 72 சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டும், அதற்கேற்ப சுவரின் பாரமும் ஏறும். எங்களுக்கு 35 டிகிரி போதுமாக இருந்தது, மேஜைக்கு அது சரியாக வருகிறது.

உயரத்தில் நான் யார் சொன்னதையும் கேட்கவில்லை. மாட்ட வருகிறவர்கள் எல்லோரும் நின்றுகொண்டு பார்த்து, நின்ற கண்ணுக்கு மாட்டுவார்கள். பார்ப்பது உட்கார்ந்துதான். சோபாவில் உட்கார்ந்தால் கண் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும், தரையில் உட்கார்ந்தால் இன்னும் கீழே. எங்கள் வீட்டில் பாதிப் பேர் பாயில்தான் இருப்பார்கள். திரையின் நடு தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் வருமாறு வைத்தேன். பார்க்க வந்தவர்கள் "என்ன இவ்வளவு கீழே?" என்றார்கள். ஒரு படம் முழுசாகப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்படிக் கேட்கவில்லை.

இனி, நாளாக ஆக என்ன நடந்தது என்பது. முதல் வருடத்திலேயே டிவியின் தலை முன்பக்கம் லேசாகச் சாய ஆரம்பித்தது. சுவர்ப் பக்கம் ஒன்றும் அசையவில்லை. சாய்வை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் தளர்ந்ததுதான் காரணம். அலன் கீயால் (ஆறு பட்டை முனை கொண்ட சாவி) முறுக்கினால் சரி. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை இது தேவைப்படுகிறது. இடம் வலம் மட்டம் சரிசெய்ய என் மவுன்ட்டில் தனி ஸ்க்ரூ உண்டு. ரசமட்டம் வைத்து டிவியைக் கழற்றாமலே சரிசெய்ய முடிகிறது. இந்த வசதி இல்லாத மவுன்ட்டை வாங்காதீர்கள்.

கேபிளைப் பிடிக்கக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் காய்ந்து உடைந்துவிட்டன. இப்போது வெல்க்ரோ பட்டை. எச்டிஎம்ஐ, மின் ஒயர் எல்லாம் கை முழுதாக நீண்டாலும் இழுபடாத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும், மூன்று மீட்டர் வாங்குங்கள். கையின் மூட்டில் ஒயர் நசுங்காமல் வளையம் விட்டுக் கட்டுவதும் அவசியம்.

உப்புக்காற்றில் கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்கிறது, போல்ட் தலைகளில்தான் பழுப்பு ஏறுகிறது. துடைத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்துப் பிசுக்காகிவிடும். இந்த வகை மவுன்ட்டை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணமே சுத்தம் செய்வதுதான். டிவியை முன்னால் இழுத்தால் பின்பக்கம் முழுசாகக் கைக்கு எட்டும். ஒட்டடை, பல்லி முட்டை, காற்றுத் துளைகளில் அடைத்த தூசி எல்லாம் போய்விடும். பென் டிரைவ் செருகவும் கண்ணாடி வைத்துத் தேட வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சுவரைத் துளைத்து மறுபக்கம் பட்டை வைக்க எந்த வீட்டுக்காரரும் சம்மதிப்பது கடினம். அதே வெசா அளவில் தரையில் நிற்கும் ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன, சில மாடல்கள் திரும்பவும் செய்யும். அடிப்பாகம் அகலமாக, கனமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் ஸ்டாண்டின் மேல்பகுதியை ஒரு பட்டையால் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அதற்கு ஒரு சின்னத் துளை போதும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே போடலாம்.