பழைய மரக்கட்டைக் குடில்: அப்படியே தூக்குவதா, பிரித்துக் கொண்டுபோவதா?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், டென்னசி, கென்டக்கி, வர்ஜீனியா பக்கம், நூறு நூற்றைம்பது வயதான மரக்கட்டைக் குடில்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. பதினாறுக்கு இருபது அடியில் ஒரே அறை, மேலே ஒரு பரண், பக்கத்தில் கல் புகைபோக்கி. வாங்குவது பெரிய காரியம் அல்ல. நம் நிலத்துக்கு அதை எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முழுதாகத் தூக்கும் முறை கவர்ச்சியானது. அடியில் இரும்பு உத்தரங்களைச் செருகி, ஜாக்கியால் உயர்த்தி, டிரெய்லரில் ஏற்றிவிடுவார்கள். மூலைப் பொருத்துகள் கலைவதில்லை, கூரையும் தப்பும். ஆனால் அங்கே எட்டரை அடிக்கு மேல் அகலமான சுமைக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். வழியில் மின்கம்பிகள், தாழ்ந்த பாலங்கள், குறுகிய மலை வளைவுகள் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே நிற்கும். புகைபோக்கியை எப்படியும் கல் கல்லாகப் பிரித்தாக வேண்டும். ஒரே பண்ணைக்குள், அல்லது நேரான சாலையில் சில மைல் என்றால் இது நல்ல வழி. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிரிக்கும் முறையில்தான் நம்பிக்கை. காரணம், கண்ணுக்குத் தெரியாத அழுகல். டென்னசியில் நண்பருக்காக ஒரு குடிலைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே கோடாரி செதுக்கிய தடம் வரிவரியாகத் தெரிய, கட்டைகள் கல்லைப் போல நின்றன. கூரைத் தண்ணீர் தெறிக்கும் வடக்குச் சுவரின் அடிக்கட்டையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. முழுதாகத் தூக்கியிருந்தால், இரும்பின் மேல் பாரம் ஏறியதும் அந்தக் கட்டை பொடியாகியிருக்கும். பிரித்தால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கலாம், உளுத்ததை மாற்றலாம், போராக்ஸ் வகை மருந்தை எல்லாப் பக்கமும் பூசலாம்.

பதினாறு அடி ஓக் கட்டை ஒன்றே நூற்றைம்பது கிலோவைத் தாண்டக்கூடும். அதை இறக்குவதைவிடக் கடினமான வேலை, எண் போடுவது. சாக்கட்டியால் எழுதினால் முதல் மழையிலேயே போய்விடும். சுவருக்கு ஒரு எழுத்து, வரிசைக்கு ஒரு எண் பொறித்த அலுமினியத் தகட்டை உட்புறம் ஆணியடிக்க வேண்டும். நான்கு சுவரையும் படம் எடுக்க வேண்டும். புறாவின் வாலைப் போல விரிந்து, மழைநீர் வெளியே வழியும்படி சரிவாக வெட்டிய அந்த மூலைப் பொருத்துகள் ஒவ்வொன்றும் தன் துணைக்கட்டைக்கென்றே செதுக்கப்பட்டவை. இடம் மாறினால் உட்காராது. லிங்கன் பிறந்ததாகச் சொல்லப்பட்ட குடிலைப் பிரித்து ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கென்டக்கியில் 1911இல் முடிந்த நினைவு மண்டபத்துக்குள் அடங்கவேண்டி அதன் அளவையே குறைத்தார்கள். இன்று அது வெறும் அடையாளக் குடில் என்றே அழைக்கப்படுகிறது.

மூன்றாவது வழி, பழைய கட்டைகளைச் சுத்தம் செய்து, மருந்தடித்து, கட்டுக்கட்டாக விற்பவர்களிடம் வாங்குவது. நேரமில்லாதவர்களுக்கு இது உதவும். எல்லாக் கட்டைகளும் ஒரே குடிலுடையவையா என்று மட்டும் கேட்டு, எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று வீடுகளின் கட்டைகளைக் கலந்து எழுப்பியதைப் பழைய குடில் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கட்டை அமெரிக்க செஸ்ட்நட் மரமாக இருந்தால் சற்று அதிகம் கொடுத்தாலும் தகும். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அரை நூற்றாண்டுக்குள் அந்தக் காடுகளையே அழித்துவிட்டது. எளிதில் மக்காத அந்த மரம் இப்போது பழைய வீடுகளிலும் களஞ்சியங்களிலும்தான் கிடைக்கிறது. நண்பரின் குடில் செஸ்ட்நட்தான். பிரித்து அடுக்கியாயிற்று. அழுகிய அடிக்கட்டைக்கு ஈடாக, இடிக்கப்போகும் களஞ்சியம் ஏதாவது அகப்படுமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.