பீக் ஃப்ளோ மீட்டர், மூன்று பந்துக் கருவி: பல வருடம் பயன்படுத்தியபின் சொல்கிறேன்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சை எவ்வளவு வேகமாக ஊதி வெளியே விட முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் பல வருடங்களாகக் கூடவே இருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து வைத்த ஸ்பைரோமீட்டரும் வீட்டுக்கு வந்தது. இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று நினைத்து, இளைப்பு உள்ளவர்கள் பந்துக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பந்துக் கருவியில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அதிலுள்ள 600, 900, 1200 என்ற எண்கள், நொடிக்கு எத்தனை மி.லி. வேகத்தில் காற்றை இழுத்தால் பந்து எழும் என்பதைக் காட்டுகின்றன. நுரையீரலின் கொள்ளளவு அதில் தெரியாது. வயிற்றில் தையல் இருக்கும்போது வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவோம். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கிவிடும். அந்த நாட்களில் இது எனக்கு நன்றாகவே உதவியது. மூன்று பந்தையும் தூக்க அவசரப்படாதீங்க, நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்துங்க என்றார் பிசியோதெரபிஸ்ட். இடைவிடாமல் இழுத்தால் தலை சுற்றும். இருமும்போது தையல்மேல் தலையணையை அணைத்துக்கொள்வது பெரிய ஆறுதல்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்குவதால் காற்றை வெளியே விடுவதுதான் அதிகம் சிரமம். அதை வீட்டில் அளக்க பீக் ஃப்ளோ மீட்டர்தான் வேண்டும். முழு மூச்சு இழுத்து, வாய்க்குழலைச் சுற்றி உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் முடிந்தவரை வேகமாகவும் பலமாகவும் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது உங்கள் உச்ச அளவு 400 என்றால், 320க்கு மேல் பச்சை. 200 முதல் 320 வரை மஞ்சள். 200க்குக் கீழே சிவப்பு. சிவப்பு வந்தால் மருத்துவர் சொல்லிவைத்த மருந்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளைப்பு வெளியே தெரிவதற்கு முன்பே எண் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதன் முழுப் பயனே அதுதான்.

ஆனாலும் ஆய்வகத்தில் செய்யும் ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் சோதனைக்கு பீக் ஃப்ளோ மீட்டர் ஈடாகாது. அங்கே மூக்கில் கிளிப் போட்டு, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று சொல்வார்கள். பிறகு இன்ஹேலர் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். பலமாக ஊதும்போது நெஞ்சிலும் கண்ணிலும் தலையிலும் அழுத்தம் கூடும். சமீபத்தில் மாரடைப்பு, கண் அறுவை சிகிச்சை, சளியில் ரத்தம் என்று எது இருந்தாலும் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று காலை எந்த மருந்தை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் ஏற்கெனவே உறை பிரித்து வைத்திருந்த வாய்க்குழலை நீட்டினார்கள். புதிதைக் கேட்டு வாங்கினேன். காசநோய் பரவலாக உள்ள நம் ஊரில் இதற்குத் தயங்கவே வேண்டாம்.

வீட்டிலும் அப்படித்தான், ஒருவருக்கு ஒரு கருவி. வாய்க்குழலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் எடுத்து வைப்பேன். மீட்டரை மாற்றினால் பழைய உச்ச அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவிக்குக் கருவி எண் கொஞ்சம் மாறும். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் புதிதாக ஊதிக் குறித்துக்கொள்ளுங்கள்.