மேனேஜ்டு சுவிட்சின் போர்ட் கவுண்டர்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் கணினிகளை இணைக்க, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றை மாட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விலான் பிரிக்க, அதாவது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்க வேண்டும் என்றுதான் வாங்கினோம். போர்ட் புள்ளிவிவரம் என்று, ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு போனது, எத்தனை பிழை என்று எண்ணும் கவுண்டர்களைக் காட்டும் ஒரு பக்கம் அதில் இருப்பதை முதல் சில மாதங்கள் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது காலையில் வந்ததும் முதலில் திறப்பது அதைத்தான்.

முதல் நாள் பார்த்தபோது ஒன்றும் புரியவில்லை. காரணம் எளிது. அந்த எண்கள் எல்லாம் சுவிட்ச் ஆன் ஆனதிலிருந்து சேர்ந்த மொத்தம். ஒரு போர்ட்டில் 2,316 சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) என்று இருந்தால், அது நேற்று வந்ததா ஆறு மாதம் முன்பு வந்ததா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு நோட்டு போட்டேன். மாலை கிளம்பும்போது எழுதுவேன், மறுநாள் காலையிலும் மாலையிலும் எழுதுவேன், கழித்துப் பார்ப்பேன். கழித்த பிறகுதான் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்தது.

14-வது போர்ட் அப்படித்தான் கண்ணில் பட்டது. இரவில் சிஆர்சி ஏறவே இல்லை. பகலில் மட்டும் முந்நூறு, நானூறு என்று ஏறியது. அந்த இருக்கையில் இருந்தவர் பல மாதங்களாக “ஃபைல் திறக்க நேரமாகிறது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “உங்கள் கணினி பழசு” என்று நாங்களும் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், பேட்ச் கார்டு, அதாவது கணினியில் செருகும் குட்டிக் கேபிள், நாற்காலிச் சக்கரம் உருளும் வழியில் கிடக்கிறது. ஓர் இடத்தில் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அவர் நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் சில ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்) கெட்டுப்போகும், சுவிட்ச் அவற்றை வாசலிலேயே தூக்கிப் போட்டுவிடும், கணினி மறுபடி அனுப்பும். இணைப்பு அறுந்தால் விளக்கு அணைந்து காட்டிக்கொடுத்திருக்கும். அறவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கேபிளை மாற்றிய அன்றே கவுண்டர் நின்றுவிட்டது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் நோட்டை விட்டுவிட்டு எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் தகவல் கேட்டு வாங்கும் முறை) வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை எடுத்து கிராஃப் வரைய ஏற்பாடு செய்தேன். இங்கே ஒரு பெரிய தவறு செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம். இரவு பேக்கப் ஓடும்போது எவ்வளவு போனாலும் கிராஃப் 114 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. ஜிகாபிட் போர்ட் அது! சேமிப்புச் சர்வரையே சந்தேகப்பட்டு இரண்டு வாரம் வீணாக்கினேன். உண்மையில் நான் எடுத்துக்கொண்டிருந்தது 32 பிட் கவுண்டர். அது 4,29,49,67,296 பைட்டில் நிறைந்து மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஜிகாபிட் முழு வேகத்தில் நொடிக்கு 12.5 கோடி பைட் போகும்போது, சுமார் 34 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் எட்டு சுற்றுக்கு மேல் ஓடியிருக்கும், எனக்குத் தெரிந்ததோ ஒரு சுற்றின் மிச்சம் மட்டும். பெயரில் ‘ஹெச்சி’ என்று வரும் 64 பிட் கவுண்டர்களுக்கு மாறியதும் சரியாயிற்று. எஸ்என்எம்பி முதல் பதிப்பில் 64 பிட் எண்ணே கிடையாது. 2சி அல்லது 3 வேண்டும். முடிந்தால் 3-ஐயே வையுங்கள், 2சி-யில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது.

இன், அவுட் இரண்டும் சுவிட்சின் பக்கத்திலிருந்து சொல்லப்படுபவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினி டவுன்லோடு செய்தால் அதன் போர்ட்டில் ஏறுவது அவுட்.

டிராஃபிக் கிராஃபைவிட எனக்கு அதிகம் உதவியது டிஸ்கார்டு கவுண்டர்தான், அதாவது இடமில்லாமல் சுவிட்ச் தூக்கிப் போட்ட தரவுப் பேக்கெட்டுகளின் எண்ணிக்கை. சேமிப்புச் சர்வர் இருந்த போர்ட்டில் ஐந்து நிமிட சராசரி 20 சதவீதத்தைத் தொடவில்லை, ஆனால் அவுட் டிஸ்கார்டு தினமும் இரவு 1 மணிக்கு ஆயிரக்கணக்கில் ஏறியது. சராசரி இங்கே ஏமாற்றுகிறது. ஐந்து இயந்திரங்கள் ஒரே நொடியில் பேக்கப்பைத் தொடங்கி ஒரே போர்ட்டை நோக்கிக் கொட்டினால், அந்தச் சில கணங்களில் பஃபர் (சுவிட்சின் தற்காலிக நினைவகம்) நிறைந்து பேக்கெட்டுகள் கீழே விழும். அடுத்த நிமிடங்கள் சும்மா இருப்பதால் சராசரியில் அது கரைந்துவிடும். பேக்கப் நேரங்களைப் பத்துப் பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். புதிதாக எதுவும் வாங்காமலே டிஸ்கார்டு ஏறக்குறைய நின்றுபோனது.

ஒரு பழைய பிரிண்டரில் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் தரவு மோதல்) வந்ததும் இதே போலத்தான் தெரிந்தது. பிரிண்டரில் 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று யாரோ கையால் நிறுத்தியிருந்தார்கள், சுவிட்ச் எதிர்ப்பக்கத்தோடு பேசித் தீர்மானிக்கும் ஆட்டோவில் இருந்தது. எதிர்ப்பக்கம் ஆட்டோவில் பேசாவிட்டால் சுவிட்ச் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸை மட்டும் ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒரு திசை) என்று எடுத்துக்கொள்ளும். பிரிண்டரையும் ஆட்டோவில் விட்டதும் தீர்ந்தது.

ஒரு மதியம் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. எல்லாக் கருவிக்கும் போகும் பேக்கெட்டுகளை எண்ணும் பிராட்காஸ்ட் கவுண்டரைப் பார்த்தேன். எல்லா போர்ட்டிலும் அவுட் ஏறுகிறது, 7-இல் மட்டும் இன் ஏறுகிறது. 7-வது கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் எழுந்துவிட்டது. அந்தக் கேபிளின் மறுமுனையில் கூட்ட அறையின் சின்ன சுவிட்ச், அதில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் செருகியிருந்தது, பேக்கெட்டுகள் அதிலேயே சுற்றிச் சுற்றிப் பெருகிவிட்டன. அன்று மாலையே எல்லா போர்ட்டிலும் பிராட்காஸ்ட் அளவுக்கு வரம்பு வைத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனால் கவுண்டர் எல்லாம் பூஜ்ஜியம், பழைய வரலாறு எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு போர்ட்களின் உள் எண்கள் மாறி, 3-வது போர்ட்டின் கிராஃப் 4-வதின் பெயரில் வந்துகொண்டிருந்தது. கவனிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் எழுதி, பெயரை வைத்தே கிராஃப் வரைகிறேன். இன்னொன்று, எவ்வளவு போனது என்று கவுண்டர் சொல்லும், என்ன போனது என்று சொல்லாது. அதற்கு, போகும் பேக்கெட்டுகளில் மாதிரி எடுத்து அனுப்பும் எஸ்ஃப்ளோ வசதி வேண்டும், இதில் இல்லை. போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொன்றுக்கு நகலெடுப்பது) செய்து பார்க்கலாம்தான், ஆனால் ஒரு ஜிகாபிட் போர்ட்டின் இரண்டு திசையையும் இன்னொரு ஜிகாபிட் போர்ட்டுக்குள் திணித்தால் நெரிசல் நேரத்தில் பாதி காணாமல் போகும். அடுத்த சுவிட்ச் வாங்கும்போது எஸ்ஃப்ளோ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

இந்த வாரம் 9-வது போர்ட்டில் தினமும் மூன்று நான்கு சிஆர்சி ஏறுகிறது. பேட்ச் கார்டை மாற்றியாயிற்று, நிற்கவில்லை. நாளை சுவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.