உப்புக்காத்துல எக்ஸ்பல்ஸ் 200 4வி: ராம்நாடு கடற்கரைக்காரன் பார்வையில

லாங் ரைடு போக வண்டி வாங்கணும், எதுன்னு சொல்லுங்கண்ணேன்னு கேக்குற பசங்க முக்காவாசிப் பேரு ஏற்கனவே ஒரு முடிவோட தான் வர்றாங்க, 400 சிசிக்குக் கீழ எல்லாம் ஒரு வண்டியாங்குற நெனப்பு. நான் ஓட்டுறது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. சொன்ன ஒடனே மூஞ்சி சுருங்கிரும், ஹீரோவாண்ணே, ஸ்ப்ளெண்டர் கம்பெனியாண்ணேன்னு. ஆமாப்பா, அந்தக் கம்பெனி தான், அதனால தான் வாங்குனேன்.

கெட்டே போகாத வண்டின்னு ஒண்ணு கிடையாது. கெட்டுப் போனா நிக்கிற எடத்துலயே ஆள் புடிச்சுச் சரி பண்ணிக் கெளம்ப முடியுதாங்குறது தான் எனக்குக் கணக்கு. சாயல்குடி தாண்டி வேம்பார் போற வழியில ஒரு தகர ஷெட்டு மெக்கானிக் கடையில உக்காந்து பாருங்க, அங்க லேப்டாப்பு கிடையாது, ஸ்பேனர் செட்டு, சுத்தியல், ஒரு கேன் டீசல், தொங்குற கேபிளுங்க, அம்புட்டு தான். அந்த மனுசன் இந்த வண்டியப் பாத்துப் பயப்பட மாட்டாரு. 199.6 சிசி, ஒத்த சிலிண்டர், முன்னாடி சின்னதா ஒரு ஆயில் கூலர், 19.1 பிஎஸ் பவரு, அஞ்சு கியர். ரேடியேட்டர் இல்ல, கூலன்ட் இல்ல, ஆக்சிலேட்டரும் கிளச்சும் கேபிள்ல தான் ஓடுது. கேபிள் அறுந்தா கேபிள் மாத்து, போ.

கார்புரேட்டர் வண்டி தான்யா உண்மையான சிம்பிள் வண்டின்னு எங்க பக்கத்துப் பெருசுங்க சண்டைக்கு வருவாங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு, ஆனா லடாக் மாதிரி ஒசரத்துக்குப் போனா காத்து மெலிஞ்சு பெட்ரோல் ஜாஸ்தியாகி கார்புரேட்டர் வண்டி பொகைய விட்டுக்கிட்டு முக்கும், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்ல சென்சார் பாத்து அதுவே அளவக் கொறச்சுக்கும். பதிலுக்கு ஒண்ணு, பேட்டரி சுத்தமா செத்துட்டா பெட்ரோல் பம்ப் ஓடாது, தள்ளி ஸ்டார்ட் பண்றதெல்லாம் நடக்காது. கடலோரத்துல பேட்டரி டெர்மினல் வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போயிரும், சுரண்டிட்டு மேல கிரீஸோ வாசலினோ தடவி வைங்க. ரெண்டு நிமிசம் ஆகாது.

வெயிட்டுக்கு வர்றேன், ஏன்னா நான் இத வாங்குன பாதிக் காரணம் அது தான். இது 158 கிலோ கிட்ட. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பிஎஸ்6 பொகை விதிக்கு வந்த மாடலு, 199 கிலோ, புது ஹிமாலயன் 450-யும் 196. ரோட்டுல ஓடுறப்ப இந்த நாப்பது கிலோ தெரியாது, அங்கிட்டு தான் ஹிமாலயன் கல்லு மாதிரி நிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா வாலிநோக்கம் பக்கம் பனங்காட்டுக்குள்ள மணல் பாதையில முன்னாடி வீலு பொதைஞ்சு வண்டி படுத்துருச்சுன்னா, மத்தியானம் ரெண்டு மணி, சுத்தி ஆடு மேய்க்கிற ஆள் கூட இல்ல, அப்பத் தெரியும் அந்த நாப்பது கிலோ என்னன்னு. தனியாப் போற ஆளு, படுத்த வண்டியத் தனியாத் தூக்க முடியுற வண்டி தான் வாங்கணும். ஷோரூம்லயே படுக்க வச்சுத் தூக்கிப் பாக்க விட மாட்டாங்க, அதனால யாராவது தெரிஞ்ச பய வண்டிய வாங்கிப் பாருங்க. சீட்டு ஒசரம் 825 மில்லி, அஞ்சரை அடிக்குக் கீழ உள்ளவங்களுக்கு நுனிக்கால் தான் எட்டும், போகப் போகப் பழகிரும். மணல்ல நிறுத்துறப்ப சைடு ஸ்டாண்டுக்கு அடியில ஒரு பனமட்டைத் துண்டப் போட்டுருங்க, இல்லன்னா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வண்டி சாஞ்சு கெடக்கும்.

பஞ்சரு. இத யாரும் ரிவ்யூல சொல்றதில்ல, எங்க மாவட்டத்துல இது தான் மொத கேள்வி. சீமைக்கருவேல முள்ளு. கண்மாய்க்கரை, ரோட்டோரம், உப்பளத்து வழின்னு எங்கிட்டுப் போனாலும் வெட்டிப் போட்ட முள்ளு கெடக்கும். எக்ஸ்பல்ஸ்ல ஸ்போக் வீலு, முன்னாடி 21 இன்ச், பின்னாடி 18, ரெண்டும் டியூப் டயரு. அலாய் வீலு டியூப்லெஸ் வண்டிக்காரன் முள்ளோடயே அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போயிருவான், நமக்கு அது நடக்காது, காத்து எறங்குனா எறங்குனது தான். பள்ளம் மேட்டுல ரிம்மு நெளிஞ்சாத் தட்டி எடுக்கலாம், ஸ்போக் மாத்தலாம், அதுக்காகத் தான் டியூப சகிச்சுக்கிறோம். பஞ்சர் கடையில ஒண்ணு மட்டும் கவனிங்க. இந்த முள்ளு உள்ள போயி நுனி ஒடிஞ்சு டயரு ரப்பருக்குள்ளயே நின்னுக்கும், வெளிய இருந்து பாத்தாத் தெரியாது, டியூப ஒட்டி மாட்டி நாலு கிலோமீட்டர் போனா மறுபடியும் குத்தும், புது டியூப் போட்டாலும் குத்தும். டயருக்கு உள் பக்கம் வெரல மெதுவா ஓட்டித் தடவிப் பாத்து, தட்டுப்பட்டா கொறட்டால புடுங்குனதுக்கு அப்புறம் தான் டியூப மாட்ட விடணும். அவசரத்துல கடைக்காரர் இதச் செய்ய மாட்டாரு, நீங்க தான் கேக்கணும். அதே மாதிரி 21 இன்ச் டியூபு சின்ன ஊர்க் கடையில கெடைக்கிறது கஷ்டம், ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும். ஆத்திர அவசரத்துக்கு அதையே பின்னாடி 18 இன்ச் டயருக்குள்ள போட்டு ஊரு போயிச் சேந்துரலாம், 18 டியூப முன்னாடி போட முடியாது. ஸ்பேர் ஒண்ணு தான்னா 21 தான்.

அடுத்தது உப்பு. தனுஷ்கோடி ரோடு 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தெறந்ததுல இருந்து வெளியூரு பைக்கு எல்லாம் அங்க தான் வருது, ரெண்டு பக்கமும் கடலு, ரோட்டு மேல மணலு பறந்து கெடக்கும், போட்டோ புடிச்சுட்டு அப்புடியே மதுரைக்குப் போயிருவாங்க. வண்டிய அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவணும்ங்க. குடிக்கவே கொடம் கணக்குல காசு குடுத்து வாங்குற ஊர்ல பைக்கு கழுவத் தண்ணியான்னு எங்க வீட்டுலயும் திட்டு விழுகும், ரெண்டு வாளி போதும், ஸ்போக்கு, செயினு, டிஸ்க்கு, இன்ஜினுக்கு அடியில. இங்க ஓடுற எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் மொதல்ல துரு ஏறுறது ஸ்போக்க ரிம்முல புடிச்சுருக்குற சின்ன நட்டு, அந்த ஸ்போக் நிப்பிளும் சைலன்சர் போல்ட்டும் தான். செயினுக்கு டீசல்ல தொடச்சுட்டு 90 கியர் ஆயில லேசா விட்டு, மிச்சத்தத் துணியால வழிச்சு எடுத்துருங்க. சொதசொதன்னு விட்டா மணலு ஒட்டி உப்புத்தாள் மாதிரி செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேத்துத் தின்னுரும். பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க. அப்புறம் லக்கேஜ் கேரியர் வாங்குறப்ப பளபளப்பப் பாத்து ஏமாறாதீங்க, பேரு சொல்ல விரும்பல, ஒரு கடையில நல்ல வெலைக்கு வாங்குன கேரியரு வெல்டு வச்ச எடமெல்லாம் ஒரு மழைக்காலத்துலயே பழுப்பாயிருச்சு, கேட்டா கடல் காத்துக்கு நாங்க என்னண்ணே பண்றதுன்னு ஒரு சிரிப்பு. பெயிண்ட் அடிக்கும் முன்ன வெல்டு எடத்துல துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு அடிச்சுக் குடுக்குற லேத்துப் பட்டறையே மேலு.

கொறையச் சொல்லாம விட்டா விளம்பரம் ஆயிரும். மதுரை பரமக்குடி நாலு வழிச் சாலையில இது 80, 85-ல சொகமாப் போகும், அதுக்கு மேல முறுக்குனா போகும் ஆனா இன்ஜின் கத்துறது கால்ல தெரியும், ஆறாவது கியர் இருந்தா நல்லாருக்கும்னு மனசு தேடும். பஸ்ஸ ஓவர்டேக் பண்ண முன்கூட்டியே யோசிக்கணும். ஆடிக்காத்துல பாம்பன் பாலம் ஏறுனா ஒசரமான லேசான வண்டிங்குறதால காத்து புடிச்சுத் தள்ளும், ஹேண்டிலக் கெட்டியா புடிக்காம லேசா விட்டு மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது. பொண்டாட்டியப் பின்னாடி வச்சு ரெண்டு பேரு லக்கேஜோட போடிமெட்டு ஏறணும்னா ஏறும், ரெண்டாவது கியர்லயே ஏறும். எப்பவும் ரெண்டு பேராத் தான் போவீங்கன்னா நல்ல கண்டிசன்ல ஒரு ஹிமாலயன் 411 பழசு பாருங்க, 2016-ல வந்து 2023 கடைசியில 450 வந்ததும் நின்னுபோன மாடலு, 32 என்எம் டார்க்கு (இழுவை சக்தி), 15 லிட்டர் டேங்கு, சென்டர் ஸ்டாண்டு வேற இருக்கு, பஞ்சருக்கும் செயினுக்கும் அது எம்புட்டு வசதின்னு எனக்குத் தெரியும். 450 நல்ல வண்டி தான், 40 பிஎஸ், பாயும், ஆனா லிக்விட் கூலிங்கு, கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டருன்னு அது ஷோரூம் உள்ள ஊரத் தேடுற வண்டி, வெலையும் கிட்டத்தட்ட டபுளு. எக்ஸ்பல்ஸ்லயே 210-ன்னு ஒண்ணு 2025-ல வந்துருக்கு, லிக்விட் கூலிங், ஆறு கியர், ஹைவேக்கு அது சரி. டேங்கு இதுல 13 லிட்டர், நிதானமா ஓட்டுனா நானூறு கிலோமீட்டருக்குப் பக்கம் கவலையில்லாமப் போகலாம், தொண்டியில நெரப்பிட்டு தூத்துக்குடி வரைக்கும் பங்க்கப் பாக்காமப் போயிட்டு வரலாம்.

செகண்ட்ஸ் எடுக்குறவங்க ஆர்சியில எந்த ஊருன்னு மட்டும் பாக்காதீங்க, வண்டி எங்க நின்னுச்சுன்னு கேளுங்க. சீட்டக் கழட்டி ஒயரிங் கப்ளர்ல பச்சை பூத்துருக்கான்னு பாருங்க, முன் வீலத் தூக்கி ஹேண்டில அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புனா நடுவுல கடக்குன்னு நிக்குதான்னு பாருங்க, நின்னா ஹேண்டில் திரும்புற பேரிங்கு, அதான் கோன் செட்டு, போச்சு. ஒரு ஸ்போக் ஸ்பேனர் எடுத்துட்டுப் போயி நாலு நிப்பிள திருகிப் பாருங்க. உப்புல எறுகிப் போயி திரும்பலன்னா வீலு ரெண்டையும் புதுசா ஸ்போக் கட்டணும், அந்தச் செலவ வெலையில கழிச்சுக் கேளுங்க, குடுக்கலன்னா வேற வண்டி பாத்துக்கலாம், ஓஎல்எக்ஸ்ல கெடக்கு நெறைய.