மௌனத்துக்கு ஒரு சைகை: இணையவழி உளவியல் ஆலோசனையில் ஆறு மாதங்கள்

இணையவழி உளவியல் ஆலோசனைச் சேவை ஒன்றின் மூலம் ஆறு மாதங்களாக வாரம் ஒருமுறை, 50 நிமிடம், ஒரே ஆலோசகரிடம் காணொளியில் பேசி வருகிறேன். செயலியின் வசதிகளைவிட, அவரோடு எனக்கு அமைந்த உறவை வைத்தே இந்தச் சேவையை எடைபோட விரும்புகிறேன்.

முதல் இரண்டு அமர்வுகளில் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதாகவே தோன்றவில்லை. திரையில் இருக்கும் என் முகத்தைப் பார்ப்பவரால் அதே நேரத்தில் கேமராவைப் பார்க்க முடியாது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது அமர்வில் அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் பேச்சை நிறுத்தினேன். சில நொடிகளுக்குள், "நான் பேசுவது கேட்கிறதா?" என்றார் அவர். வந்த அழுகை அப்படியே உள்ளே போய்விட்டது. அடுத்த வாரம் இதைச் சொன்னபோது அவர் சமாளிக்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தாம் அவசரப்பட்டதை ஒப்புக்கொண்டு, "இனிமேல் பேசாமல் இருக்க வேண்டும் போலிருந்தால் உள்ளங்கையை நெஞ்சில் வையுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது அன்றுதான்.

சிகிச்சை உறவு என்பது இலக்கில் உடன்பாடு, அதற்கான வேலைகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று உளவியலாளர் எட்வர்டு போர்டின் 1979இல் எழுதினார். பதிவுப் படிவத்தில் நான் 'தூக்கமின்மை' என்று குறித்திருந்தேன். ஆலோசகரோ அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நான் பேசாமல் தவிர்த்துவந்த ஓர் இழப்பைப் பற்றி முதலில் பேசலாமா என்று என்னிடமே கேட்டு முடிவுசெய்தார். படிவத்தால் செய்ய முடியாத வேலை அது.

எந்நேரமும் செய்தி அனுப்பலாம் என்று சேவை விளம்பரம் செய்கிறது. ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே படிப்பதாக முதலிலேயே சொன்னார். அப்போது கோபம் வந்தது, இப்போது அந்த வரம்பு சரியென்றே படுகிறது. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் நான் எங்கே இருக்கிறேன், தனியாக இருக்கிறேனா என்று கேட்பார்; எனக்கு ஏதாவது நேர்ந்தால் எட்டி வந்து உதவ முடியாத தொலைவில் அவர் இருப்பதால் அது சடங்கல்ல. உடனடி ஆபத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

குறை முழுக்கச் செயலியின் மேல்தான். 'ஆலோசகரை மாற்று' என்ற பொத்தான் தேவையானதே, ஆனால் அது அமர்வு நடக்கும்போதும் திரையின் ஓரத்தில் நிற்க வேண்டுமா? அழுது முடித்துக் கண்ணைத் துடைப்பதற்குள், நட்சத்திர மதிப்பீடு கேட்டு ஒரு பெட்டி திறக்கிறது. இன்றுவரை அதை நிரப்பாமலே மூடி வருகிறேன்.