‘கேஸை அழித்துத் தருகிறோம்’ என்றார்கள், 42,500 ரூபாய் போனது

42,500 ரூபாய். தாலிச் சங்கிலி தவிர என் நகையெல்லாம் அடகுக் கடையில் இருக்கிறது. புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘வேலைவாய்ப்பு ஆலோசனை’ அலுவலகம். அதன் மாடிப்படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் கடலூர் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2019 காணும் பொங்கலன்று தேவனாம்பட்டினம் கடற்கரையோரம் காசு வைத்துச் சீட்டாடியதாக ஏழு பேரைப் பிடித்தார்கள். அதில் என் தம்பியும் ஒருவன். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 ரூபாய் அபராதம் கட்டினான், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். தொல்லை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைதான் என்பது எங்களுக்குத் தெரியாது. 18 வயது நிறையாமல் இருந்திருந்தால் சிறார் நீதிச் சட்டம் காப்பாற்றியிருக்கும். அவனுக்கு அப்போது 19.

இந்த ஆண்டு மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானான். முன்வரலாற்றைச் சரிபார்க்க ஒரு படிவம் வந்தது. கைதானதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்று மேலேயே அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்துப் பயந்துபோய்த்தான் அந்த அலுவலகத்துக்குப் போனோம்.

அந்த ஆள் தேநீர் வரவழைத்தார். "அக்கா, இதெல்லாம் ஒரு கேஸா? பதிவிலிருந்தே எடுத்துவிடலாம்" என்றார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பென்சிலால் ‘இல்லை’ என்று மெல்லியதாக எழுதினார். அதன்மேல் என் தம்பி பேனாவால் எழுதினான். அவர் கையெழுத்து ரப்பரால் அழிந்துபோனது, இவனுடையது நிற்கிறது. அந்த நிமிடத்தில் அவரை என் கூடப்பிறந்தவனைப் போல நம்பினேன், வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் ‘வழக்கு ஏதும் இல்லை’ என்று ஊதா முத்திரையோடு ஒரு தாள் தந்தார். அதில் கடலூரைக் ‘கடலுர்’ என்று அடித்திருந்தார்கள். அதைக்கூடக் கவனிக்காமல் பூஜை அறையில் வைத்தேன்.

படிவம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வந்தபோது, அங்கே கணினியில் பெயரைத் தட்டியதும் வழக்கு வந்து நின்றது. இப்போது தகவலை மறைத்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வழக்கறிஞர் தலையில் அடித்துக்கொண்டார். அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதை எடுத்துக் காட்டினார்: சிறு குற்றமாக இருந்தால் மறைத்ததையே மன்னிக்க வேலை தரும் நிர்வாகத்துக்கு இடமுண்டு, உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. "சொல்லியிருந்தால் தலைநிமிர்ந்து வாதாடலாம். இப்போது மன்னிப்புக் கேட்டு நிற்கவேண்டும்" என்றார். 300 ரூபாய் வழக்கைவிட அந்த ‘இல்லை’தான் பெரிய குற்றமாகிவிட்டது.

பணத்தைக் கேட்டால் முதல் வாரம் "ஐயா டெல்லி போயிருக்கிறார்". அடுத்த வாரம் "கணக்குப் பார்க்கிற பெண் விடுப்பில் இருக்கிறாள்". பிறகு, "பொய் எழுதியது உங்கள் தம்பி, எங்களை ஏன் கேட்கிறீர்கள்?" இன்று ரசீதைக் காட்டினேன். அப்போதுதான் சரியாகப் படித்தேன்: ‘கணினிப் பயிற்சிக் கட்டணம், ரூ. 42,500’. "பயிற்சிக்கு வராதது உங்கள் தவறு" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். 42,500 ரூபாய்க்குக் கணினிப் பயிற்சி!

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தீர்ப்பை மாற்ற மேல் நீதிமன்றத்தால்தான் முடியும், மாடி அலுவலகத்தால் முடியாது. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், தீர்ப்பு நகலை இணையுங்கள். ரொக்கமாகத் தராதீர்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். பணத்தை இணையவழி அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். நான் கொடுத்தது அத்தனையும் ரொக்கம். நாளைக் காலை வழக்கறிஞரோடு புகார் எழுதப் போகிறேன்.